ஒரு மணித்தியாலம் பேசுகிற அப்பா

நான் அந்தப் பதிலைச் சொல்லி முடித்ததும் ஆறு அக்காமாரும் கையிலிருந்த தேநீர்க் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டார்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு பழைய வீட்டின் மேல்மாடிக் கூடம். பிரம்பு நாற்காலிகள். ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். அந்த நேரம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

நடு நாற்காலியில் இருந்தவர் ஆரணி அக்கா. சட்டபீடத்தில் கடைசி வருடம், அந்த வீட்டின் தலைவி. அவர்தான் கேட்டார்:

"உம்மட வீட்டைப் பற்றிச் சொல்லும். அப்பா எப்பிடி?"

மனப்பாடம் செய்து வைத்திருந்த யாழ்ப்பாணத் தமிழை எடுத்து விட்டேன்.

"அப்பா எனக்கு ஒவ்வொரு நாளும் பேசுறவர். பின்னேரம் ஆறரைக்குத் தொடங்கினா ஒரு மணித்தியாலம் விடாமப் பேசுவார்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். ஞாயிற்றுக்கிழமையில கூடப் பேசுவார். அண்டைக்கு அம்மாவும் சேர்ந்து பேசுவா. சில நேரம் பக்கத்து வீட்டு ஆக்களும் வந்து பேசுவினம்."

"உமக்கு அது..." ஆரணி அக்கா தொண்டையைச் செருமினார். "உமக்கு அது கஷ்டமா இல்லையோ?"

"இல்லையே! அப்பா பேசாட்டி எனக்கு நித்திரையே வராது."

கோப்பைகள் கீழே போனது அப்போதுதான். ஓரத்தில் இருந்த தர்சிகா அக்கா கண்ணைத் துடைத்தார். யாரோ கேக் தட்டை என் பக்கம் நகர்த்தி, இருந்ததிலேயே பெரிய துண்டை எடுத்து என் கையில் வைத்தார். ஆகா, கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

யாழ்ப்பாணத்து வாசகர்கள் இப்போதே சிரித்திருப்பார்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். எனக்கே ஒன்பது நாள் கழித்துத்தான் விளங்கியது.

ஒரு கட்டில், மூன்று தேநீர்

போன வாரம் கொட்டாஞ்சேனையில் என் சித்தி வீட்டுக் குளியலறை வரிசையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் தங்கள் வீட்டு வரிசைகளை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஆறுதல். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தேர்வாகி வந்தவள் நான். சித்தியின் இரண்டு அறை வீட்டில் ஏழாவது ஆளாக, சித்தியின் மகள் சுகந்தி அக்காவின் பாயில் பாதியை எடுத்துக்கொண்டு இருந்தேன்.

சுகந்தி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அதே வீட்டுக்குத்தான் வரப்போகிறார். சித்தி என்னைப் போகச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய மனுஷியும் இல்லை. ஆனால் பாதிப் பாய்க்குச் சொந்தக்காரர் வருகிறார் என்றால் நான் எழும்பத்தானே வேண்டும்? தனி அறை எடுக்க வீட்டில் வசதியில்லை. இடம் கிடைக்காவிட்டால் படிப்பை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். தோட்டத்தில் ஒரு வருடம் தள்ளிப்போன படிப்பு திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

அப்போதுதான் தோழியர் இல்லத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அது விடுதியும்தான், சங்கமும்தான். ஒரு காலத்தில் தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்குத் தனியாக அறை கொடுக்க வீட்டுக்காரர்கள் தயங்கியபோது, மாணவிகளே சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து நடத்தத் தொடங்கியது. வார்டன் கிடையாது. மூத்த மாணவிகள் ஆறு பேர் புதியவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு முறை உள்ளே போனால் பட்டம் எடுக்கும்வரை கட்டில் உங்களுடையது. வாழ்நாள் முழுவதற்கும் அக்காமாரும் தங்கைமாரும் உங்களுடையவர்கள்.

அந்த வருடம் நான்கு கட்டில்கள் காலி. விண்ணப்பித்தவர்கள் ஒரு பஸ் நிறைய.

தேர்வு மூன்று தேநீரில் நடக்கும். முதலாவதில் எல்லோரும் வந்து முகம் காட்டவேண்டும். இரண்டாவதில் ஒருவர் ஒருவராக அழைத்துக் கதைப்பார்கள். மூன்றாவதில் நாங்கள் தேநீர் ஊற்றி அக்காமாருக்குக் கொடுக்கவேண்டும். அதன் பிறகு ஆறு பேரும் கையை உயர்த்தவேண்டும். ஒரு கை இறங்கியிருந்தாலும் இடம் இல்லைதான்.

புடவைக் கடைத் தமிழ்

அந்த வீட்டில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்தான் என்று யாரோ சொன்னார்கள். நான் வாயைத் திறந்தால் தேயிலை மலை தெரியும். அது தெரிந்தால் என்ன என்று இன்று கேட்பேன். அன்று கேட்கத் தெரியவில்லை. வெட்கப்பட்டேன், அதுதான் உண்மை.

சுகந்தி அக்கா வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். நாள் முழுக்க யாழ்ப்பாணத்து அம்மாமாருக்குச் சேலை விரித்துக் காட்டிக் காட்டி அவர்கள் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்தான் என் வாத்தியார்.

"இங்க பாரு விஜி, ஆமான்னு சொல்லாத, ஓம்னு சொல்லு. வாங்கன்னு சொல்லாத, வாங்கோ. அழகா இருக்குன்னு வாயத் தொறந்த, நீ காலி. வடிவு! சொல்லு."

"வடிவு."

"சரியான வடிவு."

"சரியான வடிவு, அக்கா."

"அக்கான்னு இழுக்காத. நீ என்ன, விக்கவா போற?"

ஒரு குறை மட்டும் இருந்தது. அவருடைய பாடம் முழுவதும் புடவைக் கடைப் பாடம். எந்த நிறம் எடுப்பு, எந்தக் கரை சோக்கு, எந்தத் துணி சாயம் போகாது என்பதெல்லாம் அத்துப்படி. முதல் தேநீரில் தர்சிகா அக்கா தான் செய்த கட்லட்டை நீட்டியபோது, "சரியான வடிவா வந்திருக்கு, நல்லா உழைக்கும்" என்று சொல்லிவிட்டேன். சேலை நீண்ட நாள் உழைக்கும், கட்லட் எப்படி உழைக்கும்? அவர் சிரித்துவிட்டு இன்னொன்று தந்தார். ஐந்து சாப்பிட்டேன்.

கடைக்கு வருகிறவர்கள் விலையைத்தான் பேசினார்கள். வேறு எதற்கும் யாரும் அங்கே பேசியதில்லை. ஆகவே பேசுவது என்ற சொல் எங்கள் பாடத்தில் வரவேயில்லை.

கடந்த ஞாயிறு அதே வீட்டுக்குத் தேர்வு பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். இப்போது கல்கிசையில் இருப்பதால் இரண்டே நிறுத்தம்தான், ரயிலில் போய்விட்டேன். படியில் நின்ற ஒரு பிள்ளை போனில் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டே, "அக்கா, நல்ல பேர் எடுக்க என்ன செய்ய வேணும்?" என்று கேட்டாள். பசியோடு போகாதே என்று சொன்னேன். என்னிடம் உள்ள நிச்சயமான அறிவுரை அது ஒன்றுதான்.

மைதானத்தில் நின்ற மனிதர்

இரண்டாவது தேநீர் முடிந்து பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும்போது என் கால் தரையில் இல்லை. நடத்துனர் "இஸ்ஸரஹட யன்ன, நங்கி" என்று, சிங்களத்தில் தங்கச்சி போட்டு, என்னை முன்னால் தள்ளியதுகூட மரியாதையாகப்பட்டது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்ல ஆறரைக்காகக் காத்திருந்தேன்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் கிடையாது. வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டு, மேட்டிலுள்ள விளையாட்டு மைதானத்துக்கு ஏறிப்போய், ஒரு மூலையில் நின்றுதான் எனக்குப் போன் எடுப்பார். மழையென்றால் குடையோடு நிற்பார். ஒரு நாளும் தவறியதில்லை.

அன்று பேச்சு முழுக்க அப்பாவிடம் நல்ல சந்தோஷம். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஆறரைக்குப் போன் அடிக்கவில்லை. ஏழு மணியானது. நானே அவருக்குப் போன் எடுத்தேன்.

"நல்லா இருக்கியா? சாப்டியா? சரி, நல்லா படி" என்றார். வைத்துவிட்டார்.

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் அதேதான். "நல்லா படி" என்றதும் டக்கென்று துண்டிப்பார். என் மேல் கோபமா? உடம்புக்கு ஏதுமா? கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, படி" என்பார். பாயின் பாதியில் படுத்துக்கொண்டு, நான் என்ன தவறு செய்தேன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது.

மூன்றாவது தேநீருக்கு முதல் நாள் அம்மா யாருடைய போனிலிருந்தோ என்னைக் கூப்பிட்டார்.

"உங்கப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத. ஒங்க காலேஜ்ல இருந்து ஒரு மேடம் போன் பண்ணுச்சாம். 'பிள்ளைக்குப் பேசாதீங்க, தெனமும் ஒரு மணி நேரம் பேசுனா பிள்ளை எப்பிடிப் படிக்கும்'னு சொல்லிருச்சாம். அதான் அவரு பேசறதில்ல."

"அப்பா அதுக்கு என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? சரிங்கம்மான்னு சொல்லிட்டாரு. ஆனா தெனமும் ஆறரைக்குப் போன எடுத்துக்கிட்டு மைதானத்துக்குப் போறாரு. கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பி வர்றாரு."

எனக்கு அழுகை வந்த வேகத்தில் போனை வைத்துவிட்டேன்.

அப்பா ஏன் சரிங்கம்மா என்றார் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. தொழிற்சாலை வேலைக்குப் போன முதல் நாள், புதிதாக வந்த துரை அவரிடம் ஆங்கிலத்தில் மூன்று கேள்விகள் கேட்டாராம். மூன்றுக்கும் "எஸ் சார்" என்றிருக்கிறார். முதலாவது பெயர் சரிதானா, இரண்டாவது மெஷின் வேலை தெரியுமா, மூன்றாவது உனக்குக் காசநோய் உண்டா. கிளாக்கர் குறுக்கே விழுந்து காப்பாற்றியிருக்காவிட்டால் அப்பா வேலைக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். அதிகாரக் குரல் எதைச் சொன்னாலும் அவருக்கு எஸ் சார்தான். இந்தக் கதையை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. விண்ணப்பத்தில் அப்பாவின் நம்பர் இருக்கிறது. அவருக்குப் போன் எடுத்தது தோழியர் இல்லத்து ஆட்கள்தான். தோட்டத்து மனிதன் மகளோடு பேசினால் மகள் கெட்டுப்போவாள் என்று நினைத்துவிட்டார்கள். பெரிய கேக் துண்டின் அர்த்தம் இதுதானா?

சுகந்தி அக்கா என் முகத்தைப் பார்த்தே பயந்துவிட்டார். "விஜி, நாளைக்குப் போயி சண்ட கிண்ட போட்றாதடி. எடம் போயிரும். எடம் போனா ஊருக்குத்தான் போகணும், தெரியும்ல?"

தெரியும். அப்பா ஊரில் ஊமையாக நிற்க, நான் இங்கே கட்டிலில் படுக்க முடியாது என்றும் தெரிந்திருந்தது.

ஊற்றாத தேநீர்

மூன்றாவது தேநீருக்கு என் முறை வந்தபோது தேநீர்க் கேத்தல் தயாராக இருந்தது. ஆறு கோப்பைகளும் வரிசையில் இருந்தன. ஊற்றிக் கொடுத்துவிட்டு, புன்னகைத்துவிட்டு வரவேண்டியதுதான். நான் கேத்தலைத் தொடவில்லை.

"எங்கப்பாவுக்குப் போன் பண்ணது யாரு?"

புடவைக் கடைத் தமிழெல்லாம் எங்கோ போய்விட்டது. பிறந்து வளர்ந்த தமிழ்தான் வாயில் வந்தது.

"நான்தான் எடுத்தனான்" என்றார் ஆரணி அக்கா அமைதியாக. "எங்களுக்குக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க ஏலாமப் போச்சு."

"எங்கப்பா என்கிட்ட பேசுனா ஒங்களுக்கு என்னங்க?"

"அவர் உமக்குப் பேசுறது பிழை."

"பேசுறது பிழையா?"

"ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் பேசுறது பிழைதானே, பிள்ளை? ஒருத்தரும் அப்பிடிப் பேச்சு வாங்கக் கூடாது."

"நான் வாங்குவேன்! இருபது வருஷமா வாங்குறேன். அவரு பேசலன்னா எனக்குச் சோறு எறங்காது. ஒங்களுக்கு அவரு தோட்டத்து ஆளுன்னு எளக்காரம். ஒங்க கட்டில் எனக்கு வேணாம். அவருக்குப் போன் பண்ணி, பேசச் சொல்லுங்க!"

சொல்லிவிட்டேன். கட்டில் போனது, படிப்பும் போனது என்று நினைத்தேன். அப்படியும் பயம் வரவில்லை.

ஆரணி அக்கா ஒன்றும் விளங்காமல் தர்சிகா அக்காவைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவர் என்ன சொல்லிப் பேசுறவர்?"

"என்ன சொல்லுவாரு? சாப்டியான்னு கேப்பாரு. அங்க மழையா, வெயிலான்னு கேப்பாரு. கோழி எத்தன முட்ட போட்டுச்சுன்னு சொல்லுவாரு."

"முட்டையைப் பற்றியோ பேசுறவர்?"

"ஆமா!"

ஒரு ரயில் வந்தது. ஜன்னல் ஆடியது. எல்லோரும் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அது போய் முடிவதற்குள் ஆரணி அக்காவின் முகம் மாறிவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார்.

"ஐயோ, கடவுளே! கதைக்கிறவரோ? அவர் உம்மோட *கதைக்கிறவரோ*?"

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது; நாங்கள் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். என் அப்பா தினமும் ஒரு மணித்தியாலம் என்னைத் திட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமையில் அம்மாவும் சேர்ந்து திட்டுகிறார், அக்கம்பக்கத்தவர்கள் வந்து திட்டிவிட்டுப் போகிறார்கள், திட்டு வாங்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆறு பேரும் ஒன்பது நாட்களாக என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தர்சிகா அக்கா எனக்காகக் கோயிலில் அர்ச்சனைகூடச் செய்துவிட்டு வந்திருக்கிறார்.

அதன் பிறகு அந்தக் கூடத்தில் எழுந்த சிரிப்பு ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு அக்கா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஆரணி அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நம்பரைத் தாரும். முதல்ல அவரிட்ட மன்னிப்புக் கேக்க வேணும்."

ஸ்பீக்கரில் போட்டார். அப்பா எடுத்தார். ஆறரை ஆகியிருந்தது; பின்னால் மைதானத்துக் காற்றுச் சத்தம்.

"ஐயா, நான் ஆரணி. அண்டைக்கு எடுத்தனான். நான் பிழையா விளங்கிட்டன், ஐயா. பெரிய பிழை. நீங்கள் பிள்ளையோட வடிவாக் கதையுங்கோ."

"கதைங்களாம்மா?" அப்பாவின் குரல் பயந்து போயிருந்தது. "எனக்குக் கதையெல்லாம் சொல்லத் தெரியாதுங்களே. நம்ம எங்கேங்க படிச்சோம்?"

ரேடியோவிலும் டவுனிலும் ஆயிரம் தடவை கேட்ட சொல்தான். அதிகாரக் குரலைக் கேட்டதும் மறந்துவிட்டார். நான் போனைப் பிடுங்கினேன்.

"அப்பா, பேசுங்கப்பா! ஒண்ணும் தப்பில்லப்பா, பேசுங்க!"

"பேசலாமா? அந்த மேடம் ஒண்ணும் சொல்லாதா?"

"சொல்லமாட்டன், ஐயா" என்றார் ஆரணி அக்கா. அப்போதுதான் அவருக்குக் குரல் உடைந்தது.

அப்பா பேசத் தொடங்கினார். ஏழு நாள் பாக்கி இருந்ததல்லவா? கோழி, மழை, மாமா வீட்டு மாடு, தொழிற்சாலையில் பழுதான மெஷின் எல்லாம் வந்தன. ஆறு அக்காமாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேநீர் கேத்தலிலேயே ஆறிப்போனது. கடைசிவரை நான் ஊற்றவில்லை.

முதலில் யாருக்குச் சொன்னார்கள்

முடிவைச் சொல்ல இரண்டு நாள் ஆகும் என்றார்கள். தேநீரே ஊற்றாதவளுக்கு என்ன முடிவு வரும் என்று சுகந்தி அக்கா என் சூட்கேசைத் தூசு தட்டி வைத்தார், ஊருக்கா வெள்ளவத்தைக்கா என்று கேட்காமல். நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் ஆறரைக்குப் போன் அடித்தது. அப்பா.

"விஜி, அந்த மேடம் எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணுச்சு. ஒனக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லணும்னு சொல்லுச்சு. ஆறு கையும் ஏறிருச்சாம். ஒன் பேருதான் மொதப் பேராம்!"

நான் சுகந்தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்பீக்கர்ல போட்ருக்கேம்மா. மைதானத்துல எல்லாரும் நிக்குறாங்க. லயமே வந்துருச்சு. ஏதாவது பேசு."

கைதட்டல் கேட்டது. யாரோ விசிலடித்தார்கள். அம்மா பின்னால் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. கொட்டாஞ்சேனை வீட்டில் சித்தி, சித்தப்பா, சுகந்தி அக்கா எல்லோரும் என்னைச் சுற்றி நின்று, சொல்லு சொல்லு என்று சைகை காட்டினார்கள். இரண்டு வகைத் தமிழையும் மூன்று வாரமாக வாய் ஓயாமல் பேசியவளுக்கு, அன்று எந்தத் தமிழும் வரவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"அழுவுறாப்ல இருக்கு" என்று அப்பா அந்தக் கூட்டத்துக்குச் சொன்னார். "பரவால்ல. நான் பேசுறேன்."

பேசினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேலேயே பேசினார்.